கொல்லிமலையும் எரிமலைத் தங்கமும்

"கொல்லிமலை ஒரு அணைஞ்சு போன எரிமலை. எரிமலை இருக்கிற இடத்துல தங்கம் இருக்கும். அதனாலதான் சித்தர்கள் எல்லாம் அங்க போய் உட்கார்ந்தாங்க."

இந்த மூணு வரியைக் கடந்த ஒரு மாசத்துல நாலு இடத்துல பார்த்துட்டேன் மக்களே. ஒண்ணு யூட்யூப், ரெண்டு வாட்ஸப் ஃபார்வர்டு, நாலாவது நம்ம பதிவர் ஒருத்தரோட பயணக் கட்டுரை. (அண்ணே, பேர் சொல்லலை, கோவிச்சுக்காதீங்க. ஆகாய கங்கைப் படிக்கட்டைப் பத்தி எழுதியிருந்தது அருமை. படிச்ச எனக்கே முட்டி வலிச்சுது.)

முதல் வரி தப்பு. இரண்டாவது வரி பாதி சரி. மூணாவது வரிக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை, கோரக்கர் குகை வாசல்ல நின்னு விவாதம் பண்ற அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது :-)

பொழுதுபோகாம யாரோ சொன்னா சொல்லிட்டுப் போகட்டுமே, இதுக்கு எதுக்கு ஒரு பதிவுன்னு கேட்கலாம். நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். ஆனா இந்த எரிமலைக் கதையைக் காட்டி நிலம் விக்கிற அளவுக்கு வந்தாச்சு. அந்தக் கதைக்குக் கீழே வர்றேன். அதுக்கு முன்னால, எரிமலைக்கும் தங்கத்துக்கும் உண்மையிலேயே என்ன சம்பந்தம்னு கொஞ்சம் பார்த்துடலாம். நான் படிச்சது வணிகவியல், கல் பொறுக்குறது பொழுதுபோக்கு. அதனால பெரிய பெரிய வார்த்தை எல்லாம் வராது, பயப்படாம படிக்கலாம்.

தங்கம்ங்கிறது ஏதோ சில இடங்கள்ல மட்டும் இருக்கிற பொருள் இல்லை. எந்த ஊர்ப் பாறையை எடுத்தாலும் அதுல தங்கம் இருக்கு. உங்க வீட்டு அம்மிக்கல்லுல கூட இருக்கு. எவ்வளவுங்கிறதுதான் கேள்வி. சாதாரணப் பாறையில ஒரு டன்னுக்கு ஒண்ணுல இருந்து நாலு மில்லிகிராம். சரி, மூணு மில்லிகிராம்னே வச்சுக்குவோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சேர்க்கணும்னா 2,667 டன் கல்லை உடைச்சு, அரைச்சு, ஒரு துகள் விடாம பிரிக்கணும். பத்து டன் டிப்பர்ல 267 லோடு. டீசல் காசுக்கே பத்துப் பவுனை அடகு வைக்கணும்.

சுரங்கம் கட்டுப்படி ஆகணும்னா டன்னுக்குக் கிராம் கணக்குல வேணும். அதாவது இயற்கை அதை ஆயிரம் மடங்கு ஒரே இடத்துல குவிச்சு வச்சிருக்கணும். யார் குவிக்கிறது? தண்ணி. சூடான தண்ணி.

எரிமலைக்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்துல உருகின பாறைக் குழம்பு இருக்கும். அது மெதுவா ஆறி இறுகும்போது, உள்ளே கரைஞ்சிருந்த நீராவி, கந்தகம், குளோரின் எல்லாம் வெளியே வரும். வரும்போது செம்பு, வெள்ளி, தங்கம்னு கையில கிடைச்சதை எல்லாம் தூக்கிட்டு வரும். மேலே இருந்து மழைத்தண்ணி விரிசல் வழியா கீழே இறங்கி, சூடாகி, இதோட கலந்து மறுபடி மேலே ஏறும். இந்தச் சுத்து பல ஆயிரம் வருஷம் நடக்கும்.

இதுல சுவாரஸ்யம் எங்கன்னா, தங்கம் வெறும் தண்ணியில கரையாது. நம்ம பாட்டி காலத்து வளையல் இன்னும் அப்படியே இருக்கிறதுக்கு அதான் காரணம். ஆனா தண்ணியில ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அதே) இருந்து, 200, 250 டிகிரி சூடும் இருந்தா, கந்தகம் தங்கத்தோட கை கோத்துக்கும். அப்ப தங்கம் கரைஞ்ச மாதிரி தண்ணியோட பயணம் பண்ணும். இந்த வெந்நீர் ஏன் ஆவியாகிடலைன்னா, மேலே இருக்கிற பாறையும் தண்ணியும் அழுத்திட்டு இருக்கு. குக்கர் மாதிரி. மூடி இறுக்கமா இருக்கிற வரைக்கும் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணி தண்ணியாவே இருக்கும்ல, அதேதான்.

இப்ப அந்த வெந்நீர் மேலே ஏறி, தரையில இருந்து ஒரு கிலோமீட்டர், அரை கிலோமீட்டர் ஆழத்துக்கு வந்தாச்சுன்னு வைங்க. மேலே அழுத்தம் குறையுது. விசில்! தண்ணி கொதிக்குது. கொதிச்சதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆவியோட ஆவியா ஓடிப்போகுது. கை கோத்துட்டு வந்த ஆள் பாதி வழியில இறங்கிட்டா தங்கம் என்ன பண்ணும்? அங்கேயே உட்கார்ந்துடும். கூடவே கரைஞ்சிருந்த சிலிக்காவும் படியும். அப்படித்தான் வெள்ளை வெங்கச்சாங்கல் நரம்புக்குள்ள தங்கம் கோடு கோடா படியுது. இந்த வகைத் தங்கத்துக்கு எபிதெர்மல் தங்கம்னு பேர்.

இது புத்தகத்துல மட்டும் இருக்கிற கதை இல்லை. நியூசிலாந்துல ஓஹாக்கின்னு ஒரு இடத்துல பூமிச் சூட்டுல மின்சாரம் எடுக்கக் குழாய் இறக்கினாங்க. குழாய்க்கு மேலே அழுத்தம் சட்டுனு குறையற இடத்துல, உலோகத் தகட்டுல பாசி மாதிரி ஏதோ படிஞ்சிருந்தது. சுரண்டிப் பரிசோதிச்சா தங்கமும் வெள்ளியும்! 1986ல அதை ஆராய்ச்சிக் கட்டுரையாவே போட்டாங்க. கொதிச்சா தங்கம் இறங்கும்னு மனுஷன் கண்ணால பார்த்த இடம் அது.

அதைவிடப் பெரிய உதாரணம் பாபுவா நியூ கினியில இருக்கிற லிஹிர் தீவு. இடிஞ்சு விழுந்த எரிமலை வாய்க்குள்ளேயே தங்கச் சுரங்கம், இன்னும் சூடு ஆறலை. அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல இருந்து வெந்நீரை எடுத்து அளந்தாங்க. ஒரு லிட்டர்ல சுமார் 15 மைக்ரோகிராம் தங்கம். கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. ஒரு பவுனுக்கு 5 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரியில 44 லாரிக்குக் கொஞ்சம் மேலே. ஆனா வருஷத்துக்கு 24 கிலோ தங்கத்தை அந்த வெந்நீர் மேலே கொண்டு வருது. அந்த வேகத்துல 55,000 வருஷம் ஓடினா போதும், அங்கே இருக்கிற 1,300 டன் தங்கமும் சேர்ந்துடும்னு 2006ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க. பூமியோட வயசுக்கு 55,000 வருஷம்ங்கிறது நமக்கு ஒரு கொட்டாவி விடற நேரம்.

ஜப்பான்ல ககோஷிமா பக்கம் ஹிஷிகாரின்னு ஒரு சுரங்கம், 1981ல கண்டுபிடிச்சது. உருவாகி வெறும் பத்து லட்சம் வருஷம்தான் ஆகுது. உள்ளே 65 டிகிரி வெந்நீர் வந்துட்டே இருக்கும், அதை இறைச்சு வெளியே விட்டாத்தான் வேலை செய்ய முடியும். அந்த வெந்நீரைக் குழாய் போட்டுப் பக்கத்து ஊர் குளிக்கிற இடத்துக்குக் கொடுக்கறாங்க. தங்கம் வந்த வழியில வந்த தண்ணியில குளியல்! நம்ம ஊரா இருந்தா இந்நேரம் அது தீர்த்தம் ஆகியிருக்கும்.

ஆக "எரிமலை இருந்தா தங்கம்" என்பது பாதி சரி. மீதிப் பாதி? எரிமலை மட்டும் போதாது. தக்காணத்துல, மகாராஷ்டிராவுல இருந்து வட கர்நாடகா வரைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு எரிமலைக் குழம்புப் பாறை கிடக்குது, 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால கொட்டினது. அதுல ஒரு தங்கச் சுரங்கம் காட்டுங்க பார்ப்போம். கிடையாது. தண்ணியும் கந்தகமும் சரியான அளவுல சேர்ந்து, சரியான விரிசல் வழியா, சரியான ஆழத்துல கொதிக்கணும். இதெல்லாம் கூடி வந்த எரிமலைகள் ரொம்பக் கம்மி.

சரி, கொல்லிமலைக்கு வருவோம்.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. அடுத்த தடவை போகும்போது செல்ஃபி எடுக்கிற வளைவுல இறங்கி, ரோட்டுக்காக வெட்டின பாறையைக் கொஞ்சம் பாருங்க. கருத்த சாம்பல் நிறம், புதுசா உடைஞ்ச முகத்துல எண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு. இதுக்குப் பேர் சார்னோக்கைட். (சின்ன கிளைக்கதை: இந்தப் பேர் கல்கத்தாவை உருவாக்கினவர்னு சொல்லப்படுற ஜாப் சார்னாக்கோட கல்லறையில இருந்து வந்தது. அந்தக் கல்லறைக் கல் நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுதான்னு கண்டுபிடிச்சு, 1893ல ஹாலந்துன்னு ஒரு புவியியலாளர் பேர் வச்சார். ஆக உலகம் முழுக்கப் புழங்குற ஒரு பாறைப் பேருக்கு மூலக்கல் சென்னையோடது.)

இந்தச் சார்னோக்கைட் எரிமலை கக்கின கல் இல்லை. சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னால, பூமிக்குள்ள 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடுமையான சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து உருமாறின கல். அது இன்னிக்கு நம்ம கால் படுற இடத்துல கிடக்குதுன்னா என்ன அர்த்தம்? அதுக்கு மேலே இருந்த 20 கிலோமீட்டர் பாறையும் மழையிலயும் காத்துலயும் தேய்ஞ்சு, ஆத்தோட போய்க் கடல்ல சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப முன்னால சொன்னதோட இதைச் சேர்த்துப் பாருங்க. எரிமலைத் தங்கம் படியறது தரைக்குக் கீழே முதல் ஒண்ணு, ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்ள. கொல்லிமலைக்கு மேலே என்னிக்கோ ஒரு எரிமலை இருந்திருந்தாலும், அதுல தங்கம் படிஞ்சிருந்தாலும், தேய்ஞ்சு போனதுல முதல்ல போயிருக்கிறது அந்த மேல் பகுதிதான். வீடு இடிஞ்சு அஸ்திவாரம் மட்டும் மிஞ்சின இடத்துல நின்னுக்கிட்டு, மொட்டை மாடியில காயப்போட்ட வத்தலைத் தேடுற கதை. உலகத்துல இருக்கிற எபிதெர்மல் தங்கம் பெரும்பாலும் ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நியூசிலாந்துன்னு சின்ன வயசுப் பாறைகள்ல இருக்கிறதுக்கும், நம்ம தென்னிந்தியா மாதிரி கிழட்டு நிலத்துல அபூர்வமா இருக்கிறதுக்கும் இதான் காரணம். அப்புறம், இந்தியாவுல உயிரோட இருக்கிற எரிமலை ஒண்ணே ஒண்ணு, அந்தமான் பக்கத்துல பாரன் தீவு. 1991ல முழிச்சுக்கிட்டது. நாமக்கல் மாவட்டத்துல ஒண்ணும் கிடையாது.

"அப்ப மலை மேல துளைத்துளையா சிவப்புக் கல் கிடக்குதே, அது லாவா இல்லையா?"ன்னு ஒரு வீடியோவுல கையில தூக்கிக் காட்டறாங்க. நல்ல கேள்வி. எனக்கும் இந்த மலையில பிடிச்ச கல்லே அதுதான். அது செம்புறாங்கல் வகை, அதோட சேர்ந்து பாக்சைட். நெருப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, முழுக்க முழுக்க மழை செஞ்ச வேலை. மலை உச்சியில தட்டையா இருக்கிற இடத்துல, வெயிலும் மழையும் மாறி மாறி லட்சக்கணக்கான வருஷம் சார்னோக்கைட்டை ஊற வச்சிருக்கு. கரையக்கூடிய சோடியம், கால்சியம், சிலிக்கா எல்லாம் கழுவிட்டுப் போயிடுச்சு. கரையாத அலுமினியமும் இரும்பும் அப்படியே தங்கிடுச்சு. கரைஞ்சு போனது விட்டுட்டுப் போன காலி இடம்தான் அந்தத் துளை. லாவாவுல துளை வர்றது வாயு குமிழ் விட்டதால. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பூர்வீகம் வேற.

அந்த பாக்சைட்டுக்காகத்தான் இந்த மலையில உண்மையிலேயே சுரங்கம் வந்தது. மேட்டூர்ல இருந்த மால்கோ அலுமினிய ஆலைக்குக் கொல்லிமலையில இருந்தும் ஏற்காட்டுல இருந்தும் லாரி லாரியா மண் இறங்கிச்சு. தங்கம் தங்கம்னு பேசறவங்க யாரும் இந்தக் கதையைச் சொல்றதே இல்லைங்கிறது என் வருத்தம். இந்த மலைவாழ் மக்கள் கண்ணால பார்த்த கனிமம் அதுதான். மேல்மண்ணை வழிச்சு எடுத்தா மிளகும் காபியும் பலாவும் எங்கே நிக்கும், மழைத்தண்ணி எங்கே இறங்கும்னு கேட்க வேண்டிய கேள்விகள் அங்கே நிறைய இருந்தன. நாம வல்வில் ஓரியையும் ரசவாதத்தையும் பேசிட்டு இருந்தோம்.

இன்னொரு விஷயம் சொன்னா எரிமலைக் கட்சிக்காரங்க சந்தோஷப்படுவாங்க. கொல்லிமலையிலயும் அடிவாரத்துலயும், சேலத்துக் கஞ்சமலையில இருக்கிற மாதிரியே, காந்தக் கல் வரிவரியா ஓடுது. ஒரு வரி வெள்ளை, ஒரு வரி கருப்பு, காந்தத்தை வச்சா ஒட்டும். இந்த இரும்பு ஆதிகாலத்துக் கடல் அடியில படிஞ்சது, அந்தக் கடலுக்கு இரும்பைக் கொண்டு வந்ததுல பெரும் பங்கு கடல் தரையில பீறிட்ட எரிமலை வெந்நீரோடதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அப்புறம் அதுவும் ஆழத்துக்குப் போய் வெந்து உருமாறி மேலே வந்திருக்கு. ஆக, எரிமலை வெந்நீர் இந்த மலைக்குக் கொடுத்துட்டுப் போன சொத்துன்னு ஏதாவது இருந்தா, அது இரும்பு!

"அப்ப கோலார்?" - பின்னூட்டத்துல யாராவது கேட்பீங்க, முன்கூட்டியே சொல்லிடறேன். கோலார் வேற ரகம். அங்கே இருக்கிற கருப்புப் பாறை ஆதியில எரிமலைக் குழம்பா வந்ததுதான், ஒத்துக்கறேன், சுமார் 270 கோடி வருஷப் பழசு. ஆனா தங்கம் எரிமலையோட வரலை. அந்தப் பாறை எல்லாம் பிற்பாடு நசுங்கி, வெந்து, அதுக்குள்ள இருந்த தண்ணி பிழிஞ்சு வெளியே வந்தப்போ, பல கிலோமீட்டர் ஆழத்துல இருந்த பெரிய விரிசல்கள்ல படிஞ்சது. ஆழத்துல படிஞ்சதால, மேலே எவ்வளவோ தேய்ஞ்சும் இது தப்பிச்சுது. 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை தோண்டி, 120 வருஷத்துல 800 டன் அளவுக்கு எடுத்து, 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க. தோண்டினதுல பெரும்பாலானவங்க வட ஆற்காடு, சேலம் பக்கத்துல இருந்து போன நம்ம சனங்க. அவங்க கதையை 2024ல 'தங்கலான்' வந்த பிறகுதான் பாதிப் பேர் பேசவே ஆரம்பிச்சோம்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே தங்கம் இருந்த இடம்னா நீலகிரியில கூடலூர், தேவாலா, பந்தலூர். அதுவும் எரிமலைத் தங்கம் இல்லை, கோலார் மாதிரி பழம்பாறை விரிசல்ல ஓடுற வெங்கச்சாங்கல் தங்கம். 1880 வாக்குல அங்கே நடந்த கூத்தைத் தேடிப் படிச்சுப் பாருங்க. ஆஸ்திரேலியாவுல இருந்து பிரோ ஸ்மித்னு ஒரு நிபுணரை அரசாங்கம் வரவழைச்சு அறிக்கை வாங்கிச்சு. லண்டன்ல டஜன் கணக்குல கம்பெனி ஆரம்பிச்சு, லட்சக்கணக்கான பவுண்டுக்குப் பங்கு வித்தாங்க. பல கம்பெனியோட முதல், தோட்டத்தை வித்தவங்களுக்கும் தரகர்களுக்குமே போயிடுச்சு. ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் சரிஞ்சுது. தங்கம் இல்லாம இல்லை, செலவுக்குக் கட்டுப்படி ஆகிற அளவு இல்லை. அந்தப் பழைய குழிகளுக்குள்ள இன்னிக்கும் திருட்டுத்தனமா இறங்கி, மண்ணு சரிஞ்சும் மூச்சு முட்டியும் செத்தவங்க செய்தி பேப்பர்ல வந்திருக்கு.

இப்ப நான் முதல்ல சொன்ன நிலத்துக் கதை. எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கார். கணக்கு வாத்தியார் வேற. சேந்தமங்கலம் பக்கம் அடிவாரத்துல ஒண்ணரை ஏக்கர் கரடு, பக்கத்து நிலத்தோட விலையைப் போல நாலு மடங்கு சொல்றாங்களாம். ஏன்னா "கீழே தங்கக் கல் ஓடுது சார், எரிமலை பாறை". ஆதாரமா ரெண்டு பொருள் கொடுத்திருக்காங்க. ஒண்ணு பளபளன்னு ஒரு கல். இன்னொண்ணு ஆய்வுக்கூட ரிப்போர்ட், அதுல தங்கம் "உள்ளது"ன்னு போட்டிருக்கு. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னால என்கிட்ட காட்டலாம்னு கொண்டு வந்தார்.

கல்லு காக்காப்பொன். நகத்தால பிரிச்சா தகடு தகடா வருது. பேருலயே நம்ம ஆளுங்க எச்சரிக்கை எழுதி வச்சிருக்காங்க, நாமதான் படிக்கறதில்லை.

ரிப்போர்ட்தான் சாமர்த்தியமான வேலை. பொய் ரிப்போர்ட்டுன்னு சொல்ல முடியாது. மேலே சொன்னேனே, எந்தக் கல்லுலயும் தங்கம் "உள்ளது". டன்னுக்கு எத்தனை கிராம்னு எண் போடலை. எந்த இடத்துல, எத்தனை அடி ஆழத்துல எடுத்த மாதிரின்னு போடலை. எத்தனை மாதிரி எடுத்தாங்கன்னும் இல்லை. ஒரு கல்லைக் கொடுத்து "இந்தக் கல்லைச் சோதிச்சுச் சொல்லு"ன்னா ஆய்வுக்கூடம் அந்தக் கல்லைப் பத்தித்தான் சொல்லும், உங்க நிலத்தைப் பத்திச் சொல்லாது. அந்தக் கல்லு எங்கே இருந்து வந்ததுன்னு கல்லுக்கே தெரியாது.

வாத்தியார் விடலை. "டன்னுக்கு அஞ்சு கிராம்னு எண் போட்டுக் கொடுத்தா?"ன்னு கேட்டார். கொடுத்தாலும் உங்களுக்கு என்ன சார் பிரயோஜனம்னு கேட்டேன். 1957ம் வருஷத்துக் கனிமச் சட்டப்படி, பட்டா உங்க பேர்ல இருக்குங்கிறதுக்காகத் தங்கம் தோண்ட முடியாது, அதுக்கு அரசாங்கத்துக்கிட்ட குத்தகை வாங்கணும். 2015 திருத்தத்துக்கு அப்புறம் அந்தக் குத்தகை ஏலத்துலதான் வரும். ஒண்ணரை ஏக்கரை வச்சுக்கிட்டு ஏலத்துல நிக்கப் போறீங்களா? மனுஷன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எண் போடாத விடைக்கு நானே மார்க் போட மாட்டேனே"ன்னு அவரே சொல்லிக்கிட்டார். அட்வான்ஸ் கொடுக்கலை. அதே தரகர் இப்ப வேற யார் வீட்டுத் திண்ணையில அந்தக் கல்லை வச்சிருக்காரோ!

நான் கொல்லிமலையில பொட்டுத் தங்கம் கூடக் கிடையாதுன்னு சொல்லலை. கோலார், தேவாலா ரகத் தங்கம் இருக்கா இல்லையாங்கிறது துளை போட்டு, மாதிரி எடுத்து, எண் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனா "எரிமலை, அதனால தங்கம்"ங்கிற காரணத்தை யாராவது சொன்னா, அந்த இடத்துலயே பேச்சை முடிச்சுக்கலாம். காரணமே இல்லாத மலைக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

"தங்கத்தைக் கரைக்கிறது கந்தகம்னு நீங்களே சொல்லிட்டீங்க, சித்தர்கள் ரசவாதத்துலயும் கந்தகம் வருதே, அப்ப அவங்களுக்கு அன்னிக்கே தெரியும்தானே"ன்னு ஒரு பின்னூட்டம் வரும்னு எனக்கு நல்லாத் தெரியும். பாதரசமும் கந்தகமும் பாடத்துல இருக்கு, வாஸ்தவம். ஆனா அவங்க தேடினது ஒரு உலோகத்தை இன்னொண்ணா மாத்தற வழி. எரிமலை வெந்நீர் எதையும் மாத்தறதில்லை. இருந்த தங்கத்தை ஒரு இடத்துல தூக்கி இன்னொரு இடத்துல இறக்குது. ரெண்டுலயும் ஒரே சரக்கு இருக்குங்கிறதுக்காக ரெண்டையும் ஒண்ணாக்கினா சித்தர்களுக்கும் மரியாதை இல்லை, வெந்நீருக்கும் மரியாதை இல்லை.

நாமக்கல் மாவட்டக் கல்லுக்கு மதிப்பே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. சித்தம்பூண்டியில இருக்கிற அனார்த்தோசைட்னு ஒரு வெள்ளைப் பாறை நிலாவோட மேட்டு நிலப் பாறை மாதிரியே இருக்கும். அதை அரைச்சுத்தான் சந்திரயான் சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரிச்சுது. அதே பாறைக் கூட்டத்துல இருக்கிற குரோமைட்ல பிளாட்டினம் வகை உலோகங்கள் இருக்குன்னு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பல வருஷமா துளை போட்டுப் பார்த்துட்டு இருக்கு. கொல்லிமலையில இருந்து ஒரு பஸ் மாறிப் போற தூரம். அதைப் பத்தி ஒரு ஃபார்வர்டு கூட இதுவரைக்கும் எனக்கு வந்ததில்லை.

அடுத்த பதிவு சித்தம்பூண்டி பத்தித்தான், கொஞ்சம் படம் எடுத்துட்டு வந்து போடறேன். அதுக்குள்ள உங்க ஊர் மலை, குன்று, கரடு எதுவா இருந்தாலும் அது என்ன கல்லுன்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல எழுதுங்க. ஊர்ல அந்தக் கல்லுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னும் சேர்த்து எழுதுங்க. காக்காப்பொன், வெங்கச்சாங்கல், செம்புறாங்கல் மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்குன்னு ஒரு பட்டியல் சேர்த்துட்டு இருக்கேன், இதுவரைக்கும் பதினாலு வந்திருக்கு.